சின்னச் சட்டைக்கும் ஒரு விலக்கு உண்டு

பீர் பெட்டிகளை அடுக்கி அதன்மேல் பலகை போட்ட இந்த மேடை ஆடாதபடி, தன் கனத்த உடம்பையும் கனிந்த உள்ளத்தையும் ஒருசேர அதன்மேல் இருத்தி அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அனிசெட்டோ ஐயா அவர்களே, நாற்காலி தேடி வந்து நாற்காலி கிடைக்காமல் நடைபடியில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இன்று வெள்ளிக்கிழமை என்பதால் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுத்தி இந்தச் சதுக்கத்தையே பருத்திக் காடாக்கியிருக்கும் தாய்மார்களே, சுகாதார அலுவலகத்திலிருந்து அடிவாரம் வரை வண்டியில் வந்து, அங்கிருந்து இருநூற்றுப் பதினாறு படியை மூச்சிரைக்க ஏறி, இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் டாக்டர் ரொமுவால்டோ அவர்களே, எங்கள் தெய்வ வீட்டின் தாய் எர்சிலியா அம்மா அவர்களே, தெருமுனையில் நின்று எல்லாப் பேச்சையும் கேட்டு எல்லா இடத்துக்கும் கொண்டு சேர்க்கும் எஷு சாமியே, உம்மை முதலில் வணங்காமல் கடைசியில் வணங்கியதைப் பொறுத்துக்கொள்ளும், பதற்றத்தில் மறந்துவிட்டேன். அனைவருக்கும் என் வணக்கம்.

என்ன, சத்தம் பத்தவில்லையா? பொறுங்கள் அண்ணே, இப்போதுதானே தொடங்கியிருக்கிறேன். என் குரலுக்கும் உங்கள் காதுக்கும் இன்றுதான் முதல் அறிமுகம்.

என் பெயர் ரோசில்டா. பத்தொன்பது வயது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுத் தேவாலயத்துக்கு எதிர்ப்புறம் கொதிக்கும் சிவந்த டெண்டே பனையெண்ணெயில் காராமணி விழுதை உருட்டிப் போட்டு அகராஜே பொரித்துக்கொண்டிருப்பவள். நீங்கள் என் கையை அறிவீர்கள். காரம் கூட வேண்டுமா என்று கேட்கும் தலையசைப்பை அறிவீர்கள். என் குரலை அறிய மாட்டீர்கள். "அந்தப் பொண்ணு ஊமையாக்கா?" என்று என் எதிரிலேயே என் அக்காவிடம் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். அப்படிப்பட்டவள் எதற்கு மேடை ஏறினாள்?

டாக்டர் ஐயாவின் சட்டைப் பையில் ஓர் ஆணை இருக்கிறது. இந்தக் கூட்டம் முடிந்ததும் அதை வாசிக்கப் போகிறார். அது வாசிக்கப்பட்டால், அடுத்த மாதத்திலிருந்து சின்னச் சட்டைப் பெட்டிகள் எங்கள் தெய்வ வீட்டுக்கு வராது. அடிவாரத்துச் சுகாதார நிலையத்தோடு நின்றுவிடும். வகுப்பும் கிடையாது. வேண்டுமென்பவர்கள் இறங்கிப் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆம் தாய்மார்களே, ஆணுறையைத்தான் சொல்கிறேன். நம் மேட்டில் எல்லோரும் சின்னச் சட்டை என்கிறோம். ஆணையில் அதை "மேற்படி பொருள்" என்று எழுதியிருக்கிறார்களாம். மேற்படி என்றால் மேலே ஏதோ ஓரிடத்தில் பெயர் சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? முதல் வரியிலிருந்தே மேற்படிதான்.

சரி, இறங்கிப் போய்க் கேட்கலாம். கேட்பதில் என்ன கஷ்டம்? கேட்டுப் பார்த்தவர்கள் சொல்லட்டும். வாசலில் காவலாளி. "எதுக்கு வந்தீங்க?" என்பார். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் எழுத்தர். "எதுக்குன்னு சத்தமா சொல்லுங்க, கண்ணாடி மறைக்குது" என்பார். நமக்குப் பின்னால் வரிசை. வரிசையில் மாமியார், மாமியாரின் தோழி, நம் ஞானஸ்நானத் தாய். என் அக்கா டெய்ஜனிராவோடு வாழும் ஜூராசி அத்தானைத் தெரியும்தானே? சந்தையில் மீன் சுமக்கிறவர், நாலு பேர் தூக்கும் பெட்டியை ஒருவராகத் தூக்குகிறவர். அவர் ஒருநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அங்கே போனார். கண்ணாடிக்கு முன்னால் நின்றார். "எதுக்கு?" என்று கேட்டார்கள். திரும்பி வரும்போது முழங்காலில் பெரிய கட்டு. காயம் இல்லாத முழங்காலில் கட்டு. ஆண்மையைக் காட்டப் போனவர் அரைமணி நேரம் நொண்டிக்கொண்டு படியேறினார்.

சிரிக்காதீர்கள் அத்தான், உங்களைப் பற்றித்தான்.

அலுவலகம் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். துண்டறிக்கை அனுப்பினார்கள், பன்னிரண்டு பக்கம். நம் மேட்டில் அதைப்போல மக்களிடம் போய்ச் சேர்ந்த புத்தகம் வேறு கிடையாது. நானே ஒரு நாளைக்கு நூறு பேருக்கு அதில் அகராஜே மடித்துக் கொடுத்தேன். சுவரில் படம் காட்டிப் பேச ஓர் அம்மையாரை அனுப்பினார்கள். அவர் "தொற்றுப் பரவல் விகிதம்" என்றார், "இலக்குக் குழு" என்றார், "நடத்தை மாற்றம்" என்றார். கேட்க வந்தது ஏழு பேர். அதில் இரண்டு நாய். நாய்கள் கடைசி வரை இருந்தன.

அப்போதுதான் எர்சிலியா அம்மா அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினார். "பெட்டியை என் வீட்டு வாசல்ல இறக்கிட்டுப் போங்க. பேச்சை நான் பாத்துக்கறேன்."

எப்படிப் பேசினார்? திங்கட்கிழமை, ஒமொலு சாமியின் நாள். நோயைத் தருகிறவரும் அவர், நோயைத் தீர்க்கிறவரும் அவர். தன் உடம்பெல்லாம் புண்ணாகி, அதை வைக்கோலால் மூடிக்கொண்டு நடந்தவர். அவருக்குப் படைத்த சோளப்பொரியை எல்லார் கையிலும் ஒரு பிடி கொடுத்துவிட்டு அம்மா கேட்டார்: "நம்ம சாமிக்கே புண்ணு வந்துச்சு. அவரை யாராச்சும் வாசல்ல நிறுத்தி, எதுக்கு வந்தேன்னு கேட்டீங்களா?" எல்லாரும் கையிலிருந்த பொரியைப் பார்த்தார்கள். "அப்ப மனுசனுக்கு வந்தா மட்டும் எதுக்கு மூஞ்சியத் திருப்பிக்கறீங்க?"

பிறகு சவரக்கத்தியை எடுத்துக் காட்டினார். தெய்வத்துக்குத் தலை கொடுக்கிற சடங்கில் தலையை மழிக்க வேண்டும், தோளில் கீற வேண்டும். "என் வீட்டுல ஒரு தலைக்கு ஒரு கத்தி. புதுசு. ஒருத்தர் ரத்தம் பட்டது இன்னொருத்தர் தோலைத் தொடக் கூடாது. இருபது வருசமா இதான் வழக்கம். யாராச்சும் மறுத்துப் பேசினீங்களா?"

"இல்லம்மா."

"ஏன்?"

"சாமி விசயமாச்சே."

"படுக்கையில சாமி கிடையாதா? கண்ணை மூடிக்கிட்டு நிக்குமா? இறங்கி வர்றதுக்குச் சாமிக்கு ஒரு உடம்பு வேணும். பாழாப் போன உடம்புல எந்தச் சாமி வந்து இறங்கும்? ஒரு தலைக்கு ஒரு கத்தி. ஒரு தடவைக்கு ஒரு சட்டை. பொரிய எடுத்துக்கங்க, சட்டையும் எடுத்துக்கங்க."

அவ்வளவுதான் பாடம். பன்னிரண்டு பக்கம் பேசாததைப் பன்னிரண்டு நொடியில் பேசினார். முதல் திங்கள் எட்டுப் பேர். நான்காம் திங்கள் வாசலுக்கு வெளியே வரிசை. இந்த மேடையில் அமர்ந்திருப்பவர்களிலும் மூன்று பேர் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்க்காதீர்கள் ஐயா, கூட்டம் எண்ணிவிடும்.

இங்கேதான், என் அன்பான சபையோரே, நாங்கள் ஒரு தவறு செய்தோம். எங்களைத் தவிர இந்த உலகத்தில் வேறு யாராலும் செய்ய முடியாத தவறு.

வீட்டிலிருந்து தெருவுக்குப் போகிற எதுவும் எஷு சாமியைத் தாண்டித்தான் போக வேண்டும். தெரு அவருடையது, முச்சந்தி அவருடையது, ஆணும் பெண்ணும் பார்த்துக்கொள்ளும் பார்வையும் அவருடையது. அவருக்குப் பிடித்தது என்ன? டெண்டே எண்ணெய். அதனால் முதல் பெட்டி வந்த அன்று எர்சிலியா அம்மா விரலை எண்ணெயில் தொட்டு, பெட்டியின் மூடியில் ஒரு பொட்டு வைத்தார். முறையான காரியம். அட்டைப் பெட்டிக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

ஆனால் அதை ஆண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் யோசித்தார்கள். ஆண்கள் யோசித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாதா தாய்மார்களே?

பெட்டியின் மேல் ஒரு சொட்டு வைத்தாலே சாமியின் அருள் என்றால், பெட்டிக்குள் இருப்பதன் மேல் ஒரு கரண்டி ஊற்றினால் எவ்வளவு அருள்? இதைக் கண்டுபிடித்த மேதை ஜூராசி அத்தான். சந்தையில் சொன்னார். சந்தையிலிருந்து மேடு முழுக்கப் பரவியது. அலுவலகத்தின் அறிவுரை ஆறு வருடத்தில் ஏறாத படியை அத்தானின் அறிவுரை ஆறு நாளில் ஏறியது. என் கடைக்கு ஆண்கள் வந்தார்கள், கையில் சின்னச் சின்னச் சீசாவோடு. "ரோசில்டா, கொஞ்சம் எண்ணெய் ஊத்து." வீட்டில் சமைக்கத்தான் கேட்கிறார்கள் என்று நம்பினேன். இந்த மேட்டில் எந்த ஆண் என்றைக்குச் சமைத்தான் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் உண்மை அன்றே தெரிந்திருக்கும்.

ஒருநாள் அத்தான் குனிந்து என்னிடம் கேட்டார். "ஏம்மா, ஒரு சட்டைக்கு ரெண்டு சொட்டு போதுமா, இல்ல தாராளமா விடணுமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஏன் தெரியுமா? என் கையில் கையுறை இருந்தது. உணவுக் கடைக்காரர்கள் ரப்பர் கையுறை போட வேண்டும் என்று சட்டம் வந்ததே, அந்தக் கையுறை. டெண்டே எண்ணெய் பட்டால் அது முதலில் வழவழக்கும், பிறகு ஊதும், பிறகு தளரும், பிறகு விரலிடுக்கில் கிழியும். ஒரு மாலைக்குள் நான் மூன்று ஜோடி கிழிப்பேன். சின்னச் சட்டையும் அதே ரப்பர். கையுறையை விடவும் மெல்லிய ரப்பர். இந்த மேட்டிலேயே அதை அறிந்தவள் நான் ஒருத்திதான்.

சொன்னேனா?

சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? அக்காவின் புருசன். நடுத்தெரு. அந்தச் சொல்லை நான் என் வாயால் அதுவரை சொன்னதே இல்லை. "தெரியல அத்தான்" என்றேன். சீசாவை நிரப்பிக் கொடுத்தேன். மூன்று வாரம் நிரப்பிக் கொடுத்தேன். தொற்றும் கூச்சமும் ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டவை சபையோரே, இரண்டும் சத்தமில்லாமல்தான் பரவும்.

மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமைக் காலை. நான் காராமணி ஊறவைத்துக்கொண்டிருந்தேன். டெய்ஜனிரா அக்கா வந்தாள். உட்காரவில்லை.

"கிழிஞ்சிருச்சுடி."

"என்னதுக்கா?"

"உனக்குத் தெரியாதா என்னதுன்னு. நேத்து ராத்திரி. இவன் எங்கெங்கே போறான்னு எனக்குத் தெரியும். சோதனை பண்ணிக்கடான்னு ரெண்டு வருசமாச் சொல்றேன், மலை மாதிரி இருக்கேன் எனக்கு எதுக்குங்கறான். அந்தச் சட்டையை நம்பித்தானடி இருந்தேன்."

"அத்தான் என்ன சொல்றாரு?"

"என் மேல எஷுவுக்குக் கோவமாம். அதான் கிழிஞ்சுதாம். எண்ணெயை நான் சிந்திட்டேனாம்."

எல்லாவற்றையும் சிந்தியிருந்தால் கிழிந்திருக்காதே என்று சிரிக்க அன்று எனக்கு வாய் வரவில்லை. அக்கா கிளம்பிவிட்டாள். அன்றைக்கே அடிவாரத்துக்கு இறங்கினாள். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் போனால் நோய் தொற்றாமல் தடுக்க மாத்திரை உண்டு, அதை இருபத்தெட்டு நாள் விடாமல் சாப்பிட வேண்டும் என்று எர்சிலியா அம்மா இரண்டாம் வகுப்பில் சொல்லியிருந்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று, மாமியாரின் தோழி கேட்க, என் அக்கா எதுக்கு வந்தேன் என்று சத்தமாகச் சொன்னாள். அவளைப் பார்த்துக் கைதட்டுங்கள். இதோ, மூன்றாவது வரிசை, நீலக் காதணி. இதையெல்லாம் சொல்லச் சொன்னதே அவள்தான்.

அந்த வாரம் இன்னும் நான்கு வீட்டில் கிழிந்தது. மேடு முழுக்க ஒரே பேச்சு. பெட்டிக்குச் சாபம் என்றார்கள் சிலர். அலுவலகமே ஓட்டை போட்டு அனுப்புகிறது என்றார்கள் சிலர். அலுவலகமோ, "மூடநம்பிக்கையால் மேற்படி பொருள் சேதமடைந்தது, ஆகவே மேற்படி இடத்தில் வழங்கலை நிறுத்தலாம்" என்று கோப்பைத் திறந்தது. அன்று திறந்த கோப்புதான் நான்கு மாதம் நடந்து இன்று டாக்டர் ஐயாவின் பைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. குறை மறுநாளே கீழே போய்விட்டது. மருந்து இன்னும் படியேறிக்கொண்டிருக்கிறது.

புதன்கிழமை நான் தெய்வ வீட்டுச் சமையலறைக்குப் போனேன். எர்சிலியா அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். புதுக் கையுறை ஒன்றை எடுத்தேன், டெண்டே கிண்ணத்தில் முக்கினேன், அவர் முன்னால் பலகையில் வைத்தேன். அவர் கையுறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெங்காயத்தைத் தொடர்ந்து அரிந்தார். அரிந்து முடித்தபோது கையுறையை எடுத்து இரண்டு விரலால் இழுத்தேன். கிழிந்தது.

அம்மா கத்தியைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"மூணு வாரமாம்மா."

"மூணு வாரம். உன் வாய்க்கு எந்தச் சாமிடி விலக்குப் போட்டுச்சு?"

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. "அழுகைய அப்புறம் வச்சுக்க. எண்ணெய் வேணாம்னு நாளைக்குச் சொன்னா எவன் கேப்பான்? சாமி எண்ணெயக் கூடாதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அப்போது என் வாயிலிருந்து வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது.

"அம்மா, அது வெள்ளையா இருக்கு."

"எது?"

"சட்டை. வெள்ளையா இருக்கு. உப்பு கிடையாது, காரம் கிடையாது. டெண்டே பட்டா ஆகாது. அது எஷு சாமியோடது இல்லம்மா. ஒஷலா சாமியோடது."

ஒஷலா யார் என்று இந்தக் கூட்டத்துக்கு நான் சொல்ல வேண்டுமா? உங்கள் உடம்பில் இருக்கும் வெள்ளைத் துணியைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை அவர் நாள். அவருக்கு உப்பும் காரமும் இல்லாத வெள்ளைச் சோறு, வெள்ளைத் துணி, தூய தண்ணீர். டெண்டே எண்ணெய் அவருக்கு விலக்கு. அவர் பிள்ளைகள் செத்தாலும் அதைத் தொட மாட்டார்கள். மருத்துவர் சர்க்கரை தின்னாதே என்றால் ஒளித்து வைத்துத் தின்கிற மனிதர், சாமி விலக்கு என்றால் வாசனை வரும் தெருவிலேயே நடக்க மாட்டார். நாம் அப்படிப்பட்டவர்கள்தானே?

எர்சிலியா அம்மா சிரித்தார். அந்த வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு. "தப்பான சாமி கையில குடுத்துட்டோம், அப்படித்தானே?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே வகுப்பு. பெட்டி மேல் வெள்ளைத் துணி, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். "இது ஒஷலா பிள்ளை. இதுக்கு டெண்டே விலக்கு. வெண்ணெய் விலக்கு, தேங்காயெண்ணெய் விலக்கு, முகத்துல பூசற களிம்பு விலக்கு. வழவழப்பு வேணும்னா, அலுவலகம் அனுப்பற தண்ணிக் களிம்பு இருக்கு, அது மட்டும்தான். விலக்கை மீறுனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும், கிழியும்."

யாராவது மறுத்தார்களா? இரண்டே நாளில் என் கடைக்கு வந்த சீசாக்கள் நின்றுவிட்டன. ஜூராசி அத்தான் அகராஜே தின்றுவிட்டுக் குழாயடியில் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவுவதை நானே பார்த்தேன். "எதுக்கு அத்தான்?" என்றேன். "விலக்கும்மா" என்றார், பூசாரி மாதிரி. தங்கள் திருமணத்துக்கே வெள்ளைச் சட்டை போடாதவர்கள் வெள்ளிக்கிழமை வெள்ளைச் சட்டையில் வந்து, இன்னொரு சட்டை வாங்கிப் போகிறார்கள். அன்றிலிருந்து இன்றுவரை, கிழிந்தது என்று ஒருவரும் வரவில்லை.

போன வாரம் என் அக்காவுக்குக் கடைசிச் சோதனை. தொற்று இல்லை. அத்தானும் போய்ச் சோதித்துக்கொண்டார். வரிசையில் சோளப்பொரி வைத்துக்கொண்டு பள்ளிப் பிள்ளை போல உட்கார்ந்திருந்தாராம். அவருக்கு என்ன முடிவு வந்தது என்று கேட்காதீர்கள். அது அவர் காகிதம், என் பேச்சு அல்ல.

டாக்டர் ஐயா, இப்போது உங்களிடம் வருகிறேன்.

எண்ணெய் கூடாது என்று உங்கள் துண்டறிக்கையிலும் இருக்கிறது. ஒன்பதாம் பக்கம், அடியில், எறும்பு எழுத்தில். பிறகுதான் பார்த்தேன், அகராஜே மடிக்கும்போது. அது உண்மை. முழு உண்மை. ஆனால் ஒன்பதாம் பக்கத்துக்கு யார் வந்தார்? தவறு எங்கள் வீட்டில் பிறந்தது, அதை நான் மறைக்கவில்லை. என் கூச்சம் அதை மூன்று வாரம் வளர்த்தது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் அதைத் திருத்தியது யார்? உங்கள் கோப்பா? எந்த நம்பிக்கை எண்ணெயை ஊற்றியதோ, அதே நம்பிக்கைதான் எண்ணெயைத் துடைத்தது. உங்கள் அறிவியல் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. உங்கள் அறிவியலுக்கு எங்கள் வீட்டில் ஒரு நாற்காலி போட்டோம். நீங்கள் நாற்காலியோடு அதைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போகிறீர்கள்.

சபையோரைக் கேட்கிறேன். அடிவாரத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, எதுக்கு வந்தேன் என்று சத்தமாகச் சொன்னவர்கள் கை தூக்குங்கள்.

ஒரு கை. என் அக்காவின் கை.

வெள்ளிக்கிழமை தெய்வ வீட்டுக்கு வந்தவர்கள்? கை தூக்க வேண்டாம். கண்ணைத் தூக்கினால் போதும். பாருங்கள் ஐயா, எத்தனை கண்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்த ஆணையை வாசியுங்கள், தடுக்க மாட்டேன். ஆனால் மேற்படி பொருள் என்று வாசிக்காதீர்கள். அதன் பெயரைச் சொல்லி வாசியுங்கள். இங்கே, தாய்மார்கள் முன்னால், கண்ணாடி கூட இல்லாத இந்த இடத்தில். உங்களால் சொல்ல முடிந்தால், இந்த மேட்டில் யாராலும் அடிவாரத்தில் சொல்ல முடியும். அப்போது பெட்டிகள் அங்கேயே இருக்கட்டும், நாங்களே இறங்கி வருகிறோம்.

ஐயா எழுகிறார். அமைதி, அமைதி. கைதட்டாதீர்கள், அவர் வாசிக்கட்டும்.

மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார்.

தண்ணீர் கேட்கிறார். யாராவது கொடுங்கள்.

தண்ணீர் குடித்துவிட்டார். காகிதத்தைப் பார்க்கிறார். தாய்மார்களைப் பார்க்கிறார். வெட்கப்படாதீர்கள் ஐயா, எனக்கு மூன்று வாரம் ஆனது.

ஐயா உட்காருகிறார். அனிசெட்டோ ஐயாவிடம் பேனா கேட்கிறார். ஏதோ அடிக்கிறார். ஆணை முழுவதையும் கோடு போட்டு அடிக்கிறார். இப்போது எர்சிலியா அம்மாவைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்கிறார்.

நான்கு மணிக்கு ஐயா. வெள்ளை உடுத்தி வாருங்கள், டெண்டே தின்றிருந்தால் கை கழுவி வாருங்கள்.

என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், கேட்டுச் சிரித்தவர்களுக்கும், சிரிக்காமல் கேட்டவர்களுக்கும், தன் கதையை எனக்குக் கடனாகத் தந்த அக்காவுக்கும் நன்றி. ஒஷலாவின் வெண்மை உங்கள் வீடுகளில் தங்கட்டும். வணக்கம்.